தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும் முதுகு

கொங்குப் பகுதியிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு எடை கூடியது. பின்கழுத்தும் அக்குளும் கறுத்தன. அந்தச் சமயத்தில், உலர்ந்த தோலைப் பிரஷால் தேய்த்தால் நச்சு வெளியேறும், நிணநீர் நன்றாக ஓடும், தொடைக் குழிகள் மறையும் என்று சொல்லும் பாடி பிரஷிங் வீடியோக்களைப் பார்த்து, நீளமான மரக்கைப்பிடி உள்ள பிரஷ் ஒன்றை வாங்கினார். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் குளிப்பதற்கு முன், பாதத்தில் தொடங்கி நெஞ்சை நோக்கிப் பத்து நிமிடம் வறட்டுத் தேய்ப்பு. பிறகு குளியலறையில் நைலான் ஸ்க்ரப்பரும் சோப்பும். முதல் இரண்டு மாதம் தோல் வழவழப்பாக இருந்ததாம். இப்போது மேல்முதுகு, காறை எலும்பு, முழங்கைக்கு மேல் வெளிப்புறம், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஆகிய இடங்களில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் வரிவரியாகக் கறுத்திருக்கிறது. ராத்திரியில் முதுகு அரிக்கிறது. மாமியார், “அழுக்கு ஊறிப்போய்க் கெடக்குது, இன்னும் அழுத்தித் தேய் கண்ணு” என்கிறார். இவரும் அப்படியே செய்ய, தேய்க்கத் தேய்க்க அழுக்கு திரிதிரியாக வருகிறது. கறுப்பு மட்டும் போகவில்லை.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமை மூன்று வாரம் கழுத்திலும் அக்குளிலும் காறை எலும்பிலும் பூசியிருக்கிறார். ஓர் அழகு நிலையத்தில் ஆறு சிட்டிங் லேசருக்கு 30,000 ரூபாய் சொல்லி, 5,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார்கள். இணையத்தில் தேடியபோது ‘அமிலாய்டு’ என்ற சொல் கண்ணில் பட்டு, அது இதயத்தைப் பாதிக்கும் நோய் என்று படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒன்பது வயது மகளின் மேற்கைகளில் சொரசொரவென்று பொரிகள் இருக்கின்றன. அவளுக்கும் பிரஷ் போடலாமா என்பது கடைசிக் கேள்வி. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதைப் போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். நான் அந்த வரிக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். நீங்கள் விவரித்திருக்கும் கறுப்பு பெரும்பாலும் உராய்வால் வருவது. அழுக்கால் வந்ததில்லை, உள்ளுறுப்பு எதையும் பாதிப்பதும் இல்லை. பிரஷும் ஸ்க்ரப்பரும்தான் காரணம் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் கறுத்திருக்கும் இடங்களின் பட்டியலே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. இன்றிலிருந்து இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

அழுக்கா, நிறமா: நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று காறை எலும்பைப் பாருங்கள். எலும்பு மேடு கறுத்திருக்கும். அதை ஒட்டி மேலே இருக்கும் குழி உங்கள் இயல்பான நிறத்தில் இருக்கும். காலிலும் அப்படித்தான். முன்பக்க எலும்பின் மேல் கறுப்பு, பக்கத்திலிருக்கும் ஆடுசதையில் கறுப்பு குறைவு. அழுக்கு சேர்வதாக இருந்தால் குழியிலும் மடிப்பிலும்தான் முதலில் சேரும். மேட்டில் மட்டும் கறுக்கிறது என்றால், அடியில் எலும்பு இருப்பதால் பிரஷின் அழுத்தம் முழுவதும் தோலில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் சின்னப் பரிசோதனை ஒன்று செய்யலாம். ஊசி போடும் முன் துடைக்கும் ஆல்கஹால் ஸ்வாப், அதாவது 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு, மருந்துக் கடையில் கிடைக்கும். புண்ணோ கீறலோ இல்லாத ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் பத்துப் பதினைந்து முறை லேசாகத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறி, அடியில் தெளிவான தோல் தெரிந்தால், அது மேலே படிந்து இறுகிப்போன இறந்த செல்களின் படலம். அப்படி ஒரு நிலை உண்மையிலேயே உண்டு. சோப்புக்கு அசையாது, ஆல்கஹாலுக்குப் பெயர்ந்து வந்துவிடும். பஞ்சு சுத்தமாக இருந்து கறுப்பும் அப்படியே இருந்தால், நிறம் தோலுக்குள்ளே இருக்கிறது. உங்களுக்கு இரண்டாவதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்படியானால் அந்தத் திரி என்ன? தோலின் வெளிப் படலத்து இறந்த செல்களும் எண்ணெய்ப் பசையும் சோப்பு மிச்சமும் சேர்ந்து உருண்டு வருவது. குளித்து முடித்த எவர் கையை அழுத்தித் தேய்த்தாலும் திரி வரும். ஐந்து நிமிடம் தேய்த்தாலும் வரும், பதினைந்து நிமிடம் தேய்த்தாலும் வரும். ஏனென்றால் அதற்குள் நீங்கள் கழிவைத் தாண்டி, உடம்புக்குத் தேவையான படலத்தையே உரித்துக்கொண்டிருப்பீர்கள். திரி நிற்கும்வரை தேய்ப்பது என்று கணக்கு வைத்தால் அந்தக் குளியல் முடியவே முடியாது.

உங்கள் மாமியாரைக் குறை சொல்வதற்கில்லை. வயலிலும் மண்ணிலும் புழங்கிய உடம்புக்குப் பீர்க்கங்காய் நாரும் பாசிப்பயறு மாவும் தேவைப்பட்டன. அதுவும் வாரத்தில் ஒருநாள், எண்ணெய் தேய்த்து ஊறிய தோலின் மேல். ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் உடம்பைத் தினமும் இரண்டு கருவிகளால், அதில் ஒன்றை வறட்டுத் தோலில் போட்டுத் தேய்ப்பது வேறு கதை.

தோல் ஏன் இப்படிப் பதில் சொல்கிறது

தோலின் வெளிப் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்கு கனம்தான். பதினைந்து இருபது வரிசை தட்டையான செல்கள். நடுநடுவே கொழுப்புப் பூச்சு. உடம்பின் நீர் வெளியேறாமல் காப்பதும், கிருமியும் சோப்பும் உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதுவே. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உதிர்வது தானாக நடக்கிறது, அவசரப்படுத்தத் தேவையில்லை. தினமும் தேய்த்தால், ஒரு நாளின் இழப்பை உடம்பு ஈடுகட்டி முடிப்பதற்குள் அடுத்த நாளின் இழப்பு வந்துவிடும். இதில் காரச் சோப்பும் சேர்கிறது. தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். 5-ஐ ஒட்டியது, சாதாரணக் குளியல் சோப்புக் கட்டிகள் 9, 10 வரை போகும். முதல் இரண்டு மாத வழவழப்பு உண்மையானது. மேலே இருந்த முரட்டுச் செல்கள் போனதால் வந்தது. அதற்குப் பிறகு நீங்கள் எடுத்ததெல்லாம் மூலதனம்.

இந்த ஓயாத உரசலுக்கு நம் மாதிரி மாநிறத் தோல் ஒரே ஒரு பதிலைத்தான் நன்றாக அறியும்: மெலனின். அதிகமாகச் சுரக்கிறது. சில இடங்களில் அடிச் செல்கள் சிதைந்து, அந்த நிறமி அடுத்த அடுக்கான டெர்மிஸுக்குள் சிந்திவிடுகிறது. மேலடுக்கில் இருக்கும் நிறம் செல்லோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். கீழே சிந்தியதை அங்கிருக்கும் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் அது பழுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரிகிறது, அதனால்தான் லேசில் போவதும் இல்லை.

1980-களில் ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் இதே தோற்றத்தை, நைலான் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பவர்களிடம் கண்டு எழுதினார்கள். காறை எலும்பு, முதுகெலும்பு, தோள்பட்டை எலும்பு, கால் எலும்பு என்று அதே வரைபடம். நம் ஊரில் நைலான் ஸ்க்ரப்பர் வீட்டுக்கு வீடு வந்த பிறகு இங்கும் இது சாதாரணமாகிவிட்டது.

அமிலாய்டுக்கு வருகிறேன். நீண்ட நாள் உரசலிலும் சொறிதலிலும் மேல்தோல் செல்கள் சிதைந்து, அவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தின் எச்சம் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே படியும். நுண்ணோக்கியில் காங்கோ ரெட் சாயம் போட்டுப் பார்த்தால் அது அமிலாய்டு போல நிறம் ஏற்கும். பெயர் ஒட்டிக்கொண்டது அதனால். மணல் மேட்டில் காற்று வரைந்ததுபோல் வரிவரியாகத் தெரிவது இதன் அடையாளம். இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும் அமிலாய்டு நோயின் புரதம் வேறு, காரணம் வேறு. தோலோடு நிற்கும் இந்த வகை உள்ளே பரவுவதில்லை. இதற்காக எக்கோவும் தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை.

நச்சு, நிணநீர், தொடை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உடம்பின் கழிவை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். பிரஷ் தொடுவது இறந்த செல்களை. நிணநீர் தசை அசைவதாலும், மூச்சு இழுப்பதாலும், குழாய்கள் தாமே சுருங்குவதாலும் ஓடுகிறது. இருபது நிமிட நடை போதும். நிணநீர் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் கையால் செய்யும் சிகிச்சையில்கூடத் தோலை மிக மெதுவாக இழுத்து விடுவார்களே தவிர உரசமாட்டார்கள். தொடையில் குழிகுழியாகத் தெரிவது தோலுக்கு அடியில் நார்களுக்கிடையே பிதுங்கும் கொழுப்பு. தேய்த்தவுடன் தோல் சற்று உப்பிச் சிவப்பதால் ஓரிரு மணி நேரம் குழிகள் மறைந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது யானைக்கால் வீக்கம் இருந்தால், ‘நிணநீருக்கு நல்லது’ என்று நம்பி அந்தக் காலில் பிரஷ் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலுக்குத் தேவை மென்மையாகச் சோப்பு போட்டுக் கழுவுவதும், விரலிடுக்குவரை ஈரம் ஒற்றி எடுப்பதும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், காய்ச்சலும் நெறிகட்டுமாக அடுத்த தொற்று வந்து நிற்கும்.

இப்போது என்ன செய்ய வேண்டும்

குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம். வெந்நீர் வேண்டாம், கைக்கு இதமான சூடு போதும். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும், வெறும் கையால். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். வியர்த்து வந்த நாளில் வேண்டுமானால் சோப்பு நுரையைக் கையால் தடவிக் கழுவிவிடுங்கள். துவட்டும்போது முரட்டு டவல் வேண்டாம். மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். முதுகில் துண்டைக் குறுக்கே போட்டு இருபக்கமும் இழுத்துத் துவட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அதுவும் உரசல்தான்.

தோல் ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர். கிளிசரின், வெள்ளை மென் பாரஃபின், திரவ பாரஃபின் இவற்றில் ஒன்றிரண்டு உள்ள, வாசனை சேர்க்காத சாதாரணக் கிரீம் போதும். விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். தேங்காய் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும், ஈரத்தோலில் பூசினால். முதுகில் பருவோ சிறு கொப்புளங்களோ இருந்தால் மட்டும் அங்கே எண்ணெய் வேண்டாம்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாகக் கிரீமைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது சரியாக இருக்கும். உங்கள் மேல்முதுகுக்கு மூன்று கோடு, கால்களுக்கு மூன்று, மேற்கைகளுக்கு இரண்டு, காறை எலும்புக்கு ஒன்று. ஆக ஒரு வேளைக்கு நாலரை கிராம், இருவேளைக்கு ஒன்பது. மாதத்துக்கு 250 முதல் 300 கிராம் ஆகிறது. 20 கிராம் டியூப் ஒன்றை மாதம் முழுக்க வைத்துக்கொண்டு ‘பலனில்லை’ என்று சொல்ல முடியாது. முதுகுக்கு வீட்டில் யாரையாவது பூசிவிடச் சொல்லுங்கள். நீளக் கைப்பிடியில் பஞ்சு கட்டிப் பூசினால் மறுபடியும் உரசல்.

இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சலும் அரிப்பும் அடங்கிய பிறகு, 10 சதவீத யூரியா அல்லது 12 சதவீத லாக்டிக் அமிலம் கலந்த லோஷனை இரவில் மட்டும் தொடங்கலாம். பிரஷ் செய்யவேண்டிய வேலையைத் தேய்க்காமலே இவை செய்துவிடும்: செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி உதிரவிடும். முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள். பூசியதும் லேசாகச் சுரீர் என்றால் பரவாயில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் எரிந்தால் கழுவிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வெடிப்பு இருக்கும் இடத்திலும் அன்று ஷேவ் செய்த காலிலும் கூடாது. வெயில் படும் காறை எலும்புப் பகுதிக்குப் பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். முதுகுக்கு ரவிக்கைத் துணியே போதும்.

அரிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். பிரஷை விட்டுவிட்டு இரவில் நகத்தால் சொறிந்தால் கணக்கு சமமாகிவிடும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, மேலே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் முதுகு அரித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரே இடத்தில் ஓயாமல் அரிப்பது, நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு நசுங்குவதாலும் இருக்கலாம். உடம்பு முழுக்க அரித்தால் தைராய்டு, ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகிய நான்குக்கும் ரத்தப் பரிசோதனை செய்வது முறை.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரிப்பு நான்கு வாரத்துக்குள் குறைய வேண்டும். புதிதாகக் கறுப்பது உரசல் நின்ற சில வாரங்களில் நிற்கும். இருக்கிற கறுப்பு மங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேல்; வரிவரியாக இருக்கும் இடங்களில் கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கவும் கூடும். முதல் நாள் ஒரு போட்டோ, பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சன்னலருகே அதே நேரத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. நம் இலக்கு உங்கள் தோலின் பழைய நிறம், அதற்கு மேல் வெளுப்பு இல்லை.

கழுத்தும் அக்குளும் வேறு கணக்கு

இதற்கு நான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறேன். பிரஷ் வாங்குவதற்கு முன்பே பின்கழுத்தும் அக்குளும் கறுத்திருந்தன என்கிறீர்கள். கூடவே எடை கூடியிருக்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை. அந்த இடம் தடித்து, வெல்வெட் துணியைத் தடவுவதுபோல் இருந்து, சின்னச் சின்ன மருக்களும் தொங்கினால் அதன் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைத் தோல் வெளியே சொல்லும் விதம் அது. எத்தனை தேய்த்தாலும் போகாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி.யும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எச்.பி.ஏ.1சி. 5.7-க்குக் கீழே என்றால் நல்லது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மாதவிலக்கு தள்ளிப்போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எடை குறையக் குறைய இந்தக் கறுப்பு தானாக மங்கும். ஒன்றரை வருடம் காலையில் பிரஷுக்குக் கொடுத்த பத்து நிமிடத்தை நடைக்குக் கொடுத்திருந்தால் கழுத்துக்கு அதிகப் பலன் கிடைத்திருக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடையில் வாங்கிய கிரீம்

டியூபின் பின்பக்கம் உள்ள பெயர்களைப் படியுங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த கலவையாக இருந்தால் அது முகத்து மங்குக்குக் குறைந்த காலத்துக்கு மருத்துவர் எழுதித் தருவது. எதுவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அக்குளில் ஸ்டீராய்டு விழுந்தால் தோல் மெலிந்து, பிரசவக் கோடு போன்ற வரிகள் வரும், அவை மறைவதில்லை. நிறுத்திய சில நாளில் அந்த இடம் சிவந்து எரிந்தால் பயந்து மறுபடி பூசாமல், மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் டிரெட்டினாயின் கலந்தது கூடவே கூடாது.

ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு அட்டவணை ‘எச்’-இன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் அவற்றைக் கொடுக்கக் கூடாது. எச்சரிக்கை டியூபிலேயே அச்சாகியிருக்கும். நன்றாகத் தெரிந்த கடைதான் என்பது இதில் உதவாது.

லேசரும் முன்பணமும்

இந்த வகைக் கறுப்புக்கு லேசரில் நிச்சயமான பலன் கிடையாது. நிறமிக்காகப் பயன்படுத்தும் கியூ-ஸ்விட்ச்டு லேசரே மாநிறத் தோலில் புதிய கறுப்பையோ, புள்ளிபுள்ளியாக வெளுப்பையோ உண்டாக்கிவிடலாம். உரசல் ஓயாத தோலில் செய்தால் பணமும் வீண். குறைந்தது ஆறு மாதம் மேலே சொன்னபடி இருந்து பார்த்து, அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், தோல் மருத்துவரிடம் நாணய அளவு இடத்தில் மட்டும் சோதனையாகச் செய்து, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்து முடிவெடுங்கள். லேசரைக் கையில் பிடிக்கப்போவது யார், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டவுடன் முகம் மாறினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

5,000 ரூபாயை விட்டுவிட வேண்டியதில்லை. சேவை இன்னும் தொடங்கவில்லை. ரத்து செய்வதாகவும் பணத்தைத் திருப்பித் தரும்படியும் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். நியாயமான ஒரு கழிவு பிடித்துக்கொள்ள அவர்கள் கேட்கலாம், அதைப் பேசிக்கொள்ளலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்த அளவுத் தொகைக்குக் கட்டணம் இல்லை.

பிரஷ் பழக்கத்தை விட மனமில்லை என்றால்

“காலையில் அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கே எனக்கான நேரம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது புரிகிறது. அந்த நேரத்தை மாய்ஸ்சரைசர் பூசிக்கொள்ளச் செலவழியுங்கள். கை படுவதும் இதம்தான். கறுத்த இடங்களில் இனி எந்தக் காலத்திலும் பிரஷ் வேண்டாம். தொடை, பிட்டம், ஆடுசதை போன்ற சதைப்பற்றுள்ள இடங்களில் மட்டும், அரிப்பெல்லாம் அடங்கி மூன்று மாதமான பிறகு, வாரத்துக்கு ஒருமுறை போடலாம்.

பிரஷின் முனையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குத்தினால் உடம்புக்கும் அது ஆகாது. ஓர் இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு, பிரஷின் எடை மட்டும் போதும், மொத்தம் மூன்று நிமிடம். தோல் சிவக்கவோ, வெள்ளைக் கோடு விழவோ, குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரியவோ செய்தால் அழுத்தம் அதிகம். திசையைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலிருந்து கீழே இழுத்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. மச்சம், மரு, சுருண்ட நரம்பு, மார்பு, கழுத்து, முகம் ஆகிய இடங்களைத் தொடாதீர்கள்.

பிரஷைக் குளியலறையில் ஈரத்தோடு தொங்கவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இறந்த தோலும் ஈரமும் சேர்ந்த இடம் சூடோமோனாஸ் போன்ற கிருமிக்குச் சொர்க்கம். மயிர்க்கால்களில் சீழ்க் கொப்புளம் வருவது அதிலிருந்துதான். பீர்க்கங்காய் நாருக்கும் இது பொருந்தும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, முனை கீழே பார்க்க வெயிலில் காயவைக்க வேண்டும். முனை மேலே இருந்தால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, வேர் பூசணம் பிடித்து, முடி கொத்தாகக் கழன்றுவிடும். ஒருவர் பிரஷை இன்னொருவர் தொடக் கூடாது. மருவும் படர்தாமரையும் அப்படித்தான் வீட்டுக்குள் சுற்றுகின்றன.

சொரியாசிஸ், வெண்படலம், லைக்கன் பிளேனஸ் உள்ளவர்களுக்குப் பிரஷ் முற்றிலும் ஆகாது. தோல் உரசப்பட்ட கோட்டிலேயே அந்த நோய் புதிதாக முளைக்கும். ஜெர்மானியத் தோல் மருத்துவர் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு சொன்னார். இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. படர்தாமரை, கரப்பான் இருக்கும்போதும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வேண்டாம். உங்கள் அப்பாவுக்குக் கால் மரத்துப்போயிருந்தால் அவர் பாதத்தில் பிரஷோ தேய்ப்புக் கல்லோ படவே கூடாது.

மகளுக்கு

வேண்டாம். மேற்கையின் வெளிப்புறத்தில், தொட்டால் உப்புத்தாள் மாதிரி, ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு சின்ன முனை இருக்கிறதா? அப்படியானால் அது கெரட்டோசிஸ் பைலாரிஸ். குடும்பத்தில் பலருக்கு இருக்கும். உங்களுக்கோ கணவருக்கோ சின்ன வயதில் இருந்திருக்கலாம். மயிர்க்கால் வாயில் கெரட்டின் அடைப்பதால் வருவது, தொற்றுவதில்லை. தேய்த்தால் அந்த மணி நேரத்துக்கு வழவழக்கும். மறுநாள் சிவந்து, நாளடைவில் பொரியைச் சுற்றிக் கறுக்கும். குளித்ததும் மாய்ஸ்சரைசர், அதோடு இரவில் 10 சதவீத யூரியா கிரீம் மெல்லியதாகப் போதும். வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும்.

பொரிகள் முத்துப்போல் பளபளத்து, நடுவில் ஒரு குழி தெரிந்தால் கதை வேறு. அது மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்று. பிரஷ் பட்ட வழியெல்லாம் வரிசையாகப் பரவும். கிள்ளவும் நசுக்கவும் விடாமல், தனித் துண்டு கொடுத்து, குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அன்று கறுத்த இடங்களில் எதையும் பூசாமல் போங்கள். டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோல் துணுக்கு எடுப்பார்கள். ஒரு தையலோ அதுவும் இல்லாமலோ முடிந்துவிடும். அந்தக் கிரீம் டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைப் பரிசோதனை முடிவும் இருக்கட்டும். பிரஷையும் ஸ்க்ரப்பரையும் போட்டோ எடுத்துக் காட்டினால் போதும்.